குறை சொல்லாத துப்பாக்கி

அடுத்த திங்கட்கிழமை என் பட்டறை மேசையில் உட்காரப்போகும் பெண் பிள்ளைகள் உங்கள் இருவருக்கும் இதை எழுதுகிறேன். இப்படி எழுதுவது வழக்கமாக ஓய்வு பெற்றவர்கள் செய்கிற வேலை. எனக்கு முப்பத்தொரு வயது. ஒன்பது வருடம் இந்தத் துப்பாக்கிக் கடையில் பழுது பார்த்துவிட்டு, வெளியூரில் ஒரு துப்பாக்கி சுடும் பயிற்சி மையத்துக்கு வேலை மாறிப் போகிறேன். "போறதுக்கு முன்னாடி புதுப் புள்ளைகளுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதி வெச்சுட்டுப் போம்மா" என்று முதலாளி சொன்னார். நல்ல வார்த்தை எதுவும் என்னிடம் இல்லை. நடந்த ஒன்றை எழுதுகிறேன். கோபம் தணியட்டும், பிறகு எழுதலாம் என்று இரண்டு முறை தள்ளிப்போட்டேன். தணிகிற மாதிரி தெரியவில்லை.

கடைக்குள் வருகிறவர்களில் பாதிப் பேர் உங்களைப் பார்த்த பிறகும் உங்கள் தோளுக்குப் பின்னால் யாரையோ தேடுவார்கள். "ஆள் யாரும் இல்லையா?" என்பார்கள். நீங்கள் கையில் திருப்புளியோடு எதிரே உட்கார்ந்திருப்பீர்கள். ஒன்பது வருடத்தில் இது குறைந்திருக்கிறது என்று முதலாளி சொல்வார். வேறு ஆளைத் தேடி யாரும் அவர் தோளுக்குப் பின்னால் பார்த்ததில்லை. அவருக்கு எப்படித் தெரியும்?

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அப்பாவும் அம்மாவும் குன்றாண்டார்கோவில் பக்கம் கல் குவாரியில் வேலை பார்த்தவர்கள். இருவரும் கைநாட்டு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமா முடித்தேன். எங்கே கையெழுத்துப் போட்டாலும் முழுப் பெயரையும் எழுதுவேன், சுருக்க மாட்டேன். பெருமைதான். அந்தப் பெருமையும் இந்தக் கதையில் வருகிறது.

உள்ளாட்சித் தேர்தல் அறிவித்துவிட்டால் உரிமம் வைத்திருக்கிறவர்கள் துப்பாக்கியை ஒப்படைக்க வேண்டும். காவல் நிலையத்தில் கொடுக்கிறவர்கள் உண்டு. எங்களைப் போன்ற உரிமம் பெற்ற கடையில் கொடுக்கிறவர்களும் உண்டு. அந்தத் தேர்தலுக்கு எங்களிடம் வந்தவற்றில் ஏழு, போல்ட் வைத்த வேட்டைத் துப்பாக்கிகள். எல்லாம் ஒரே ரகம், தாத்தா காலத்தில் வாங்கியவை. இப்போது யாரும் வேட்டைக்குப் போவதில்லை, போகவும் கூடாது. கடலைக் கொல்லையில் இறங்கும் பன்றிகளைச் சத்தம் காட்டி விரட்டத்தான் வைத்திருக்கிறார்கள்.

போல்ட்டை நீங்கள் பாடப் புத்தகத்தில் படமாகப் பார்த்திருப்பீர்கள். கைப்பிடியைத் தூக்கி இழுத்தால் பின்னால் வரும், தள்ளி மடக்கினால் தோட்டாவை உள்ளே அனுப்பி அதன் முதுகில் நின்று பூட்டிக்கொள்ளும். நம் கடையில் போல்ட்டைத் தனியே கழற்றி, அட்டையில் துப்பாக்கி எண்ணை எழுதி, சணலில் கட்டி, மரப்பெட்டியில் வைத்துப் பூட்டுவோம். துப்பாக்கி ஓர் அறையில், போல்ட் வேறோர் அறையில். யாராவது பூட்டை உடைத்து எதை எடுத்தாலும் சுட முடியாது. இந்த முறையைக் கொண்டுவந்தவள் நான்.

தேர்தல் முடிந்து, திருப்பிக் கொடுக்கலாம் என்று உத்தரவு வந்த அன்று முதலாளிக்கு ஓர் ஆசை வந்தது. கடையின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட ஒரு படம் வேண்டும். பச்சைத் துணி விரித்து ஏழு போல்ட்டையும் அடுக்கச் சொன்னார். அடுக்கினேன். போனில் பார்த்துவிட்டு முகம் சுளித்தார்.

"அட்டையெல்லாம் அழுக்கா தெரியுது லெட்சுமி. கழட்டிரு."

"எண்ணு மாறிப்போகும் சார்."

"வரிசையா தானே கெடக்கு? எடுத்து முடிச்சதும் அதே வரிசையில கட்டிரு. ஏழே ஏழு சாமான், இதுல என்ன மாறப்போவுது?"

கழற்றினேன். புதுச் சணல் எடுக்க உள்ளே போனேன். அந்த நேரத்தில், நடுவில் கறுத்துப்போய்க் கிடந்த ஒரு போல்ட்டை ஓரத்துக்கு மாற்றி, ஓரத்தில் மினுங்கிய ஒன்றை அதன் இடத்தில் வைத்து அவர் படம் எடுத்திருக்கிறார். அது எனக்குத் தெரியாது. வந்து, நான் அடுக்கிய வரிசைதான் என்று நம்பி அட்டைகளைக் கட்டினேன். பேரேடு எழுதும் செல்வராணி ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். கட்டியது நான்.

ஒவ்வொரு போல்ட்டின் கைப்பிடி அடியிலும் அந்தத் துப்பாக்கியின் எண் பொறித்திருக்கும். மேலே இருக்கும் கிரீஸைத் துணியால் ஒரு தடவை துடைத்தால் படிக்கலாம். நான் துடைக்கவில்லை. திருப்பிக் கொடுக்கும்போது எப்படியும் துடைத்துப் படித்துத்தானே கொடுப்போம் என்ற எண்ணம்.

பொங்கலுக்கு நான்கு நாள் முன்பு கடையில் கூட்டம். எல்லாருக்கும் அன்றே வேண்டும். வரிசையில் முதல் ஆள் வேலாயுதம். கீரமங்கலம் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருப்பவர், அறுபதைத் தாண்டியவர். அவர் ஊரில் காணும் பொங்கலன்று சாமி பாரிவேட்டைக்குப் புறப்படும். ஊருக்கு வெளியே பொட்டலில் சாமி சார்பாகப் பூசாரி அம்பு விட்டதும், இவர் வீட்டுத் துப்பாக்கி கண்மாய்க் கரை மண்ணில் ஒரு குண்டு சுட வேண்டும். அது அந்தக் குடும்பத்துக்கு உரிய மரியாதை. சட்டம் அதற்கு என்ன சொல்கிறது என்று நான் கேட்டதுண்டு. சிரித்துவிட்டுப் போனார்கள்.

அவர் என்னைத் தாண்டிப் பார்த்தார்.

"ஆம்பளை யாரையாவது கூப்பிடு."

"நான்தான் குடுக்கிறதுங்க ஐயா."

"சாமிக்குச் சுடுற துப்பாக்கி. பொம்பளைப் புள்ளை கை பட்டா திரும்பத் தீட்டுக் கழிக்கணும். எனக்கு எதுக்கு ரெண்டு வேலை?"

கடையில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். ஒருவர் சிரித்தார். முதலாளி காதில் விழாதவர் போலப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மாதமாக அந்த இரும்பைத் துடைத்து எண்ணெய் போட்டவள் நான். அப்போது தீட்டு இல்லை. பார்க்கிற மாதிரி தொட்டால்தான் தீட்டு போலிருக்கிறது.

அட்டையைப் பார்த்து போல்ட்டை எடுத்தேன். ஒரே தள்ளில் துப்பாக்கியில் செருகினேன். கையெழுத்து வாங்கிக்கொண்டு மேசைமேல் அவர் பக்கம் நகர்த்தினேன். "தொட்டாச்சுங்க. கொண்டுபோய்க் கழிச்சுக்குங்க" என்றேன். இப்போது வேறு இரண்டு பேர் சிரித்தார்கள்.

அந்தப் பதில் எனக்கு அவ்வளவு பிடித்துப் போயிற்று. அடுத்து நின்றவர் மாணிக்கம், அன்னவாசல் பக்கம் கடலை போடுகிறவர். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றார். மனதுக்குள் அந்தப் பதிலையே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டு அவருடையதையும் எடுத்துக் கொடுத்தேன். இரண்டு போல்ட்டையும் துடைக்கவில்லை. இரண்டு எண்ணையும் படிக்கவில்லை.

காணும் பொங்கலன்று காலை முதலாளி போன் செய்தார். அவர் வீடு கடைக்கு மேல்மாடியில். விடுமுறை நாளில் ஷட்டரைத் தட்டிக்கொண்டு மாணிக்கம் வந்து நிற்கிறாராம், வந்து பார்த்துவிட்டுப் போ என்றார். போனேன். பதினோரு மணி இருக்கும்.

"ஆத்தா, குண்டு போடாம தள்ளுனா நல்லா மூடுது" என்றார் மாணிக்கம். "குண்டப் போட்டா மூட மாட்டேங்குது. பன்னிகிட்ட போயி, 'வெறுமனே மூடித் தொறந்து காட்டுறேன், ஓடிப் போயிரு'ன்னா சொல்ல முடியும்?"

"வந்து எடுத்துட்டுப் போனப்ப நல்லாத்தானே இருந்துச்சு?" என்று முதலாளி கேட்டார்.

"ஒங்க கடைக்கு வரதுக்கு முன்னாடி நல்லா இருந்துச்சு. அதத்தான் சொல்றேன்."

பயிற்சிக்கு வைத்திருக்கும் வெற்றுத் தோட்டாவைப் போட்டுப் பார்த்தேன். கைப்பிடி முக்கால் தூரம் இறங்கி நின்றுவிட்டது. வேறு தோட்டா போட்டேன். அதுவும் அப்படியே. குழாயின் பின்பக்கம் விளக்கடித்துப் பார்த்தேன். சுத்தம். துரு இல்லை, உடைந்த பித்தளைத் துண்டு இல்லை. தோட்டாவின் பழுதோ என்று அவர் கொண்டுவந்த ஐந்தையும் அளந்தேன். எல்லாம் சரி.

ஒரு மணி நேரம் போனது. அந்த ஒரு மணி நேரத்தில் போல்ட்டைத் தவிர எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். இதைக் கவனியுங்கள். துரு காலத்தின் தப்பு, தோட்டா ஆலையின் தப்பு, பித்தளைத் துண்டு சுட்டவரின் தப்பு. போல்ட் மட்டும் என் கை பட்டது. என் கை பட்ட இடத்தைச் சந்தேகப்பட எனக்குத் தோன்றவில்லை. உங்களுக்கும் தோன்றாது. அதனால் அங்கிருந்தே தொடங்குங்கள்.

முதலாளிக்குப் பொறுமை போய்விட்டது. மேலே விருந்தாளிகள். கறி வாசம் இறங்கி வந்துகொண்டிருந்தது. என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"போல்ட் முகத்துல அரம் போட்டு ரெண்டு இழுப்பு இழு. மூடிக்கும். குடுத்து அனுப்பு."

அரத்தைக் கையில் எடுத்தேன். இதை மறைக்க மாட்டேன். போல்ட்டைக் கழற்றி, வைஸில் பிடிக்கும்போது வழுக்கக் கூடாது என்று துணியால் கிரீஸைத் துடைத்தேன். கைப்பிடி அடியில் எண் தெரிந்தது. கடைசி மூன்று இலக்கம் 903. மாணிக்கத்தின் துப்பாக்கியில் 286.

அரத்தைக் கீழே வைத்துவிட்டுப் பேரேட்டை எடுத்தேன். 903 வேலாயுதத்துடையது.

மாணிக்கம் எட்டிப் பார்த்து, விஷயத்தைப் புரிந்துகொண்டு சிரித்தார். "அப்ப என்னோடது அவருகிட்ட இருக்கு. அவருக்கும் மூடாது. அவரும் கடைய வைய வந்துருவாரு."

"அவர் வாங்கிட்டுப் போயி ஆறு நாள் ஆச்சுங்க ஐயா. வரல."

"வீட்டுல வெச்சிருப்பாரு."

"மூடிப் பார்க்காம இருக்க மாட்டாரு. அவருக்கு மூடுதுங்க. அதான் வரல."

அவர் சிரிப்பு நின்றது. ஒரு போல்ட் தன் வீட்டில் ஒழுங்காகப் பொருந்தும். அடுத்த வீட்டில் இறுகும் அல்லது தளரும். மாணிக்கத்துக்கு வந்தது இறுகியது. இறுகினால் சுடவே முடியாது, திட்டுவதற்கு வண்டி ஏறி வருவார்கள், ஆபத்தில்லை. அங்கே போனது தளர்ந்திருந்தால் வெண்ணெய் மாதிரி மூடும். சுடும்போது தோட்டாவின் முதுகைத் தாங்க அங்கே ஒன்றும் இருக்காது. பித்தளை பின்பக்கம் கிழியும். நெருப்பும் பித்தளைத் தூளும் குழாய் வழியே முன்னால் போகாமல் பின்னால் வரும். துப்பாக்கியில் குறி பார்க்கிறவனுடைய கண் அதற்கு நேரே, ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது.

துடைக்காமல் அப்படியே இரண்டு இழுப்பு இழுத்திருந்தால் மாணிக்கத்தின் துப்பாக்கி மூடியிருக்கும். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போயிருப்பார். எண்ணை யாரும் பார்த்திருக்க மாட்டோம். இனி யாராவது உங்களிடம் "அரம் போடு" என்று சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மணி ஒன்று ஆகியிருந்தது. பாரிவேட்டை நாலரைக்கு.

பேரேட்டில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். நான்காவது முறை ஒரு பெண் எடுத்தாள், வேலாயுதத்தின் மருமகள்.

"மாமா கோயிலுக்குப் போயிட்டாங்க. போன இங்கிட்டு சார்ஜ்ல போட்டுட்டுப் போயிட்டாங்க."

"துப்பாக்கி வீட்டுல இருக்குதாம்மா?"

"இன்னைக்கு அதை விட்டுட்டா போவாங்க? மாலை போட்டு மொத ஆளா அதுதான் போச்சு."

"அவசரம்மா. அதச் சுடக் கூடாதுன்னு ஓடிப் போயிச் சொல்ல முடியுமா?"

"நான் சொன்னா கேப்பாங்களாக்கா? இன்னைக்கு அந்தப் பக்கம் எங்க வீட்டுப் பொம்பளைங்க போகவே கூடாது. நீங்களே வந்து சொல்லுங்க."

முதலாளியிடம் சொன்னேன். அவர் முதலில் கேட்டது, இது வேறு யாருக்குத் தெரியும் என்பதுதான்.

"இத்தனை வருஷமா சுடுறாரு, ஒண்ணும் ஆவாது. நாளைக்குக் கூப்பிட்டு, சர்வீஸ் பண்ணித் தாரோம்னு வாங்கி மாத்திக் குடுத்துரலாம்."

"இன்னைக்குச் சுடுவாரு சார்."

"கண்மாய்க் கரையில ஒரே ஒரு குண்டு."

"ஒரு குண்டு போதும் சார்."

"லைசென்ஸ் போயிரும் லெட்சுமி. கடையே போயிரும். ஒன் வேலையும் சேத்துத்தான்." பிறகு குரலைத் தணித்தார். "அப்படி எழுதித்தான் ஆகணும்னா, செல்வராணி கட்டுனதா எழுதிக்கலாம். அவ தை கடைசியில கல்யாணமாகிப் போயிருவா. அவளுக்கு என்ன நட்டம்?"

எனக்கு அவர்மேல் இருக்கும் கோபத்தில் பாதி அந்த ஒரு வாக்கியத்துக்காக. அந்தப் பெண் மாதம் முழுவதும் ஓர் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதிய பேரேடு எதிரே இருந்தது. அவள் ஊரில் பொங்கல் கொண்டாடிக்கொண்டிருந்தாள்.

பேனாவை எடுத்தேன். குறிப்புக் கட்டத்தில் எழுதினேன்: இரண்டு துப்பாக்கிகளின் போல்ட்டுகள் மாற்றி வழங்கப்பட்டுள்ளன. அட்டைகளைக் கழற்றிக் கட்டியதும், எண்ணைச் சரிபார்க்காமல் வழங்கியதும் நான். கீழே முழுப் பெயர். அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டேன்.

"அடிப்பாவி, பேனாவுல எழுதிட்டியே!" என்றார். ஆமாம். எழுதாமல் போயிருந்தால், வழியிலேயே மனம் மாறி, வேலை போய்விடும் என்று பயந்து நான் திரும்பிவிடலாம். எழுதிய பிறகு திரும்புவதற்கு இடம் இல்லை. பயப்படுகிற நேரத்தில் முதலில் எழுதிவிடுங்கள்.

மாணிக்கம் அதற்குள் வண்டியை உதைத்திருந்தார். "ஏறு ஆத்தா. என் போல்ட்ட நான் வாங்காம விடுவனா? ஒன் மொதலாளிய நம்புனா பன்னிதான் என் கடலைய அறுக்கும்."

அவர் துப்பாக்கியைக் கடையில் பூட்டிவிட்டு, 903 போல்ட்டைத் துணியில் சுற்றி, தோட்டாவுக்குப் பின்னால் அளவுக்கு மீறி இடைவெளி இருக்கிறதா என்று பார்க்கும் எஃகு வில்லையையும் வெற்றுத் தோட்டா இரண்டையும் எடுத்துக்கொண்டு ஏறினேன். வழியில் காவல் கட்டுப்பாட்டு அறைக்கும் சொன்னேன். திருவிழாவில் நிற்கும் காவலருக்குத் தெரிவிப்பதாகச் சொன்னார்கள். மேளச் சத்தத்தில் அவர் போனை எடுப்பார் என்று நம்பி வண்டியை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. ஆலங்குடி தாண்டி ஒரு கிலோமீட்டருக்குக் கரும்பும் பானையும் ஏற்றிய வண்டிகளும் மஞ்சுவிரட்டு பார்த்துத் திரும்பும் கூட்டமும். மாணிக்கம் எல்லாரையும் வைதுகொண்டே ஓட்டினார்.

பொட்டலுக்குப் போய்ச் சேர்ந்தபோது சாமி குதிரை வாகனத்தில் வந்து நின்றுவிட்டது. நானூறு ஐந்நூறு பேர். கண்மாய்க் கரைக்கு எதிரே கயிறு கட்டி ஓர் இடம் விட்டிருந்தார்கள். அங்கே வேலாயுதம், தலைப்பாகையும் துண்டுமாக, துப்பாக்கியோடு. துப்பாக்கிக்குச் சந்தனம், செவ்வந்தி மாலை. நான் பார்க்கும்போதே தோட்டாவைத் திணித்து போல்ட்டைத் தள்ளி மடக்கினார்.

இங்கேதான் நிதானம் வேண்டும். கூட்டத்தின் நடுவே குண்டு ஏற்றிய துப்பாக்கி. "வெடிச்சிரும்" என்று கத்தினால் கூட்டம் ஓடும், அவர் கூட்டத்தின் பக்கம் திரும்புவார், குழாயும் கூடத் திரும்பும். பின்னாலிருந்து போய்க் கையைப் பிடித்தாலும் அதேதான். கயிற்றைத் தூக்கிவிட்டு, அவர் கண்ணில் படுகிற மாதிரி பக்கவாட்டில், மெதுவாக நடந்தேன்.

அவர் முகம் மலர்ந்தது. அதை நான் எதிர்பார்க்கவில்லை.

"அட, கடைப் புள்ளை! வா ஆத்தா, வா" என்றார். பக்கத்தில் நின்றவர்களிடம் திரும்பினார். "இந்தப் புள்ளைதான்யா சர்வீஸ் பண்ணுச்சு. நானும் அன்னைக்கி ஒரு வார்த்தை சொல்லிப்புட்டேன். ஆனா கைவேலைன்னா கைவேலை! எங்கப்பா காலத்துலேர்ந்து முக்கி முக்கித்தான் மூடும். இப்பப் பாரு, வழுக்கிக்கிட்டுப் போவுது."

கூட்டம் என்னைப் பார்த்தது. சில பேர் தலையாட்டினார்கள். தீட்டு என்று சொன்ன வாய் ஊர் நடுவில் என் கையைப் புகழ்கிறது. அந்த நிமிடம் எனக்கு எப்படி இருந்தது என்று நீங்கள் கற்பனை செய்துகொள்ளலாம். அவர் புகழ்கிற அந்த வழுக்கலில்தான் அவர் கண் போகப்போகிறது.

"ஐயா, அது என் கைவேலை இல்லீங்க. தப்பு. வேற துப்பாக்கியோட போல்ட்ட ஒங்களுக்கு மாத்திக் குடுத்துட்டேன். அதான் வழுக்குது. சுடக் கூடாது."

அவர் முகம் சுருங்க மூன்று வினாடி ஆயிற்று.

"என்னது?"

"நான்தான் மாத்திக் குடுத்தேன். ஒங்களோடது இந்தா இருக்கு."

"பாத்தீங்களாய்யா!" என்று கூட்டத்தைப் பார்த்துக் குரல் உயர்த்தினார். "பொம்பளை கையில குடுக்காதேன்னு சொன்னேன். சொன்னேனா இல்லையா? மொதலாளி அன்னைக்கி ஊமை மாதிரி நின்னான். சாமி காத்துக்கிட்டு நிக்கிற நேரத்துல வந்து தப்புங்கிறா!"

பூசாரி அம்பை வில்லில் வைத்துக்கொண்டு, விடுவதா வேண்டாமா என்று நின்றார். மேளக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். எனக்குப் பதில் சொல்லத் தெரியாமல் இல்லை. நாக்கின் நுனியில் மூன்று பதில் இருந்தது. ஆறு நாளைக்கு முன் சொன்னதைவிட மூன்றும் நன்றாக இருந்தன. ஆனால் அவர் விரல் இன்னும் துப்பாக்கியின் விசைக்குப் பக்கத்தில் இருந்தது. சட்டம் பேசினால், காவலரைக் கூப்பிட்டால், வீம்புக்கே சுட்டுவிடுவார்.

"வையுங்க ஐயா" என்றேன். "எவ்வளவு வேணும்னாலும் வையுங்க. நான் எங்கயும் போகல. தோட்டாவ மட்டும் வெளிய எடுத்துட்டு வையுங்க."

அவர் அசையவில்லை. அப்போது மாணிக்கம் கயிற்றுக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினார்: "அண்ணே! ஒங்க வீட்டுப் பொண்ணு ஆறு நாளா எங்க வீட்டுல இருக்கு, சண்டை போட்டுக்கிட்டே இருக்கு. எங்க வீட்டுப் பொண்ணு அங்க வந்து சிரிச்சுக்கிட்டு இருக்கு. என்னைக்கி குடும்பத்தக் கெடுக்குமோ தெரியாது. மாத்திக்குவமா?"

பொட்டலே சிரித்தது. வேலாயுதத்துக்கும் உதடு கோணியது. கண்மாய்க் கரைப் பக்கம் குழாயைத் திருப்பி, போல்ட்டை இழுத்தார். தோட்டா மண்ணில் விழுந்தது. நான் அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

எஃகு வில்லையை அவரிடமே கொடுத்தேன். "இத வெச்சு மூடிப் பாருங்க. நல்ல போல்ட்டா இருந்தா மூடக் கூடாது." வைத்தார். போல்ட் வழுக்கிக்கொண்டு போய், கைப்பிடி அடி வரைக்கும் மடங்கியது. திரும்பத் திறந்து மூடினார். மூடியது. கைப்பிடிக்கு நேராகத் தன் முகம் எங்கே இருக்கும் என்று கன்னத்தை வைத்துப் பார்த்தார். பிறகு துப்பாக்கியை என்னிடம் நீட்டினார், மாலையோடு.

286-ஐக் கழற்றி மாணிக்கத்துக்காகத் துணியில் சுற்றிவிட்டு, 903-ஐ மாட்டினேன். எண்ணைத் துடைத்து, துப்பாக்கியில் இருப்பதையும் போல்ட்டில் இருப்பதையும் உரக்கப் படித்தேன். அவரைத் திரும்பச் சொல்லச் சொன்னேன். சொன்னார். வில்லையை வைத்தேன். மூடவில்லை. வெற்றுத் தோட்டாவுக்கு மூடியது, ஒரு முக்கலோடு. அம்பு பாய்ந்தது. அவர் சுட்டார். கரையில் மண் தெறித்தது, கூட்டம் குலவையிட்டது, மேளம் எழுந்தது. அவர் என் பக்கம் திரும்பவில்லை. இறங்கி நடக்கும்போது யாரிடமோ சொல்வது கேட்டது: "என்ன இருந்தாலும் மத்தது நல்லா வழுக்குச்சுய்யா."

அதன் பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். பேரேட்டில் நான் எழுதியது அடுத்த ஆய்வில் அதிகாரியின் கண்ணில் பட்டது. கடைக்கு நோட்டீஸ் வந்தது. விளக்கத்தில் அவசரத்தில் நடந்த கவனக்குறைவு என்று எழுதச் சொன்னார் முதலாளி. அட்டையைக் கழற்றியது படம் எடுப்பதற்காக என்றும், கொடுத்த அன்று கோபத்தில் இருந்ததால் எண்ணைப் படிக்கவில்லை என்றும், எதனால் கோபம் என்றும் எழுதிக் கொடுத்தேன். "கோபம்னெல்லாம் எழுதக் கூடாதும்மா, நல்லா இருக்காது" என்றார் அதிகாரி. அந்த வரியை அடிக்கச் சொன்னார். அடிக்கவில்லை. உரிமம் போகவில்லை; எச்சரிக்கையோடு விட்டார்கள். ஒரு வருடம் என்னைப் பட்டறை மேசையில் உட்கார விடாமல் ஏர்கன் விற்க வைத்தார் முதலாளி. படம் எடுத்தவருக்கு ஒன்றும் இல்லை. செல்வராணி கல்யாணமாகி நல்ல பெயரோடு போனாள்.

என்னை அந்தத் தப்பைச் செய்ய வைத்தது கோபம் என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்குக் கோபம் வந்தது சரி. வந்த கோபத்தோடு துணியை எடுத்துத் துடைத்திருக்க வேண்டும். உங்களை ஒருவர் அவமானப்படுத்திய அன்றைக்கு, அவருடைய எண்ணை இரண்டு முறை படியுங்கள். உரக்கப் படியுங்கள். அவரைத் திரும்பச் சொல்ல வையுங்கள். முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும்.

நோட்டீஸின் நகல் மேல் அலமாரியில் நீலக் கோப்பில் இருக்கிறது. எடுத்துப் பாருங்கள். துப்பாக்கியின் எண், உரிமையாளர், தவறு, பொறுப்பானவர், எடுத்த நடவடிக்கை என்று ஐந்து கட்டங்கள். பொறுப்பானவர் கட்டத்தில் என் முழுப் பெயர் இருக்கிறது. அந்த மனிதருக்கு இன்றைக்கும் இரண்டு கண்ணும் இருக்கின்றன. அதை எழுத அந்தத் தாளில் எங்கே இடம் என்று நான் தேடினேன். இல்லை.